ரங்கூன்ல பட்டுப்பாவாடை சட்டை தைக்கணுமா? காளி கோயில் பக்கத்துச் சந்து பாய் கடைக்குப் போய்ட்டு வந்து எழுதுறேன்

மொதல்லயே மார்க் சொல்லிடறேன். தையலுக்கு பத்துக்கு ஒம்போது, சொன்ன தேதிக்குக் கொடுக்குறதுக்கு பத்துக்கு மூணு. உங்களுக்கு எது முக்கியமோ அதை வச்சு முடிவு பண்ணிக்கோங்க. என் பொண்ணுக்கு ஏழு வயசு, மோல்மேன்ல நாத்தனார் வீட்டுக் கல்யாணம், அதுக்காக எங்கம்மாவோட பழைய காஞ்சிபுரம் சேலை ஒண்ணை வெட்டி பட்டுப்பாவாடையும் சட்டையும் இங்க தைச்சோம். அரக்கு கலர் உடம்பு, மாம்பழ மஞ்சள் பார்டர், ரெண்டு பக்கமும் கோபுரம் போட்ட பழைய காலத்துப் பார்டர், இப்ப அந்த மாதிரி சேலை கிடைச்சாலும் வாங்குற வெலையில இல்ல.

கடைக்குப் பேர் போர்டு கிடையாது. அனோரத்தா ரோட்டுல 1871ல நம்ம ஆளுங்க கட்டுன காளி கோயில் இருக்குல்ல, அதைத் தாண்டி தெய்ஞ்சி சே பக்கம் (பழைய ஆளுங்க இன்னமும் சூரத்தி பஜார்னுதான் சொல்றாங்க) போற வழியில ஒரு சந்து, உள்ள நுழைஞ்சா மிஷின் சத்தமே வழி காட்டும். கீழ ஒரு ரூம், அதுல காலால மிதிக்கிற மிஷின் ரெண்டு, ஒரு வெட்டுற மேஜை, மேல கயித்துல தொங்குற துணி, அவ்ளோதான். உக்கார ஒரே ஒரு ஸ்டூல், அதுலயும் பாதி நேரம் யாரோட துணி மூட்டையாவது இருக்கும். புள்ளையக் கூட்டிட்டுப் போனா வெளிய டீக்கடையில உக்காந்துக்கோங்க.

ரங்கூன்ல தையக்காரங்களுக்கா பஞ்சம்னு கேப்பீங்க. பஞ்சமே இல்ல, தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. இங்க பொம்பளைங்க எல்லாரும் ஏஞ்ஜி (பர்மாக்காரங்க மேல் சட்டை) அளவு கொடுத்துத் தைச்சுப் போடுறவங்க, அதனால மேல் சட்டையை உடம்போட ஒட்டித் தைக்கிறதுல பர்மாக்காரங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது, நான் சேலை ப்ளவுஸ் எல்லாம் அவங்ககிட்டதான் கொடுக்குறேன். ஆனா பட்டுப்பாவாடை வேற சங்கதி. தமெய்ன் அப்படிங்கிறது இவங்க இடுப்புல சுத்திக் கட்டுற துணி, அதுல கொசுவம் கிடையாது, வளர்ற புள்ளைக்குத் துணி மடிச்சு உள்ள விடுற பழக்கமும் கிடையாது. முந்தி ஒரு தடவை டவுன்ல ஏசி எல்லாம் போட்ட ஒரு பெரிய கடையில பாவாடை கொடுத்தோம், பேர் வேண்டாம், அவங்க துணி மிச்சம் பண்றேன்னு இடுப்புல குறுகி கீழ விரியுற மாதிரி துண்டு துண்டா சரிவா வெட்டிட்டாங்க. பார்டர் நேரா நெய்தது, அதைச் சரிவா வெட்டி ஒட்டுனா ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் ஜரிகை உடைஞ்சு கூரை மாதிரி முக்கோணமா நிக்குது, சுத்தி வந்து ஒரே கோடா நிக்க வேண்டிய பார்டர் ஏறி இறங்குது. அது மட்டுமா, உள்ள ஒரு இஞ்ச் கூட விடாம வெட்டி வீசிட்டாங்க. மறு தீபாவளிக்கு அந்தப் பாவாடை கெண்டைக்கால்ல நின்னுச்சு. பட்டுப்பாவாடை வெட்ற விதமே ஒண்ணுதான், சேலையோட நீளவாக்குல நேரா எடுத்து, பார்டரைக் கீழ விட்டு, மேல கொசுவம் பிடிச்சு இடுப்புல அடக்கணும். இது தெரிஞ்ச ஆள் வேணும்னுதான் பாயைத் தேடிப் போனது.

பாய் சேலையைக் கையில வாங்குன ஒடனே கத்திரியை எடுக்கல. சந்துக்கு வெளிய வெளிச்சத்துக்குக் கொண்டு போய், பாய் ஒரு முனை அவர் பையன் ஒரு முனை புடிச்சு, விரிச்சுத் தூக்கிப் பாத்தாரு. பழைய பட்டு வருஷக்கணக்கா ஒரே மடிப்புல இருந்தா மடிப்புக் கோட்டுல இழை வெட்டுப்பட்டுப் போகும், மேல பாத்தா தெரியாது, வெளிச்சத்துல பிடிச்சா பொடிப்பொடியா ஊசி ஓட்டை மாதிரி தெரியும். அந்த எடத்தை எல்லாம் சாக்கட்டியால ஓரத்துல சின்னதா கோடு போட்டு வச்சாரு. அப்புறம் உடம்பும் பார்டரும் சேர்ற எடத்தை ரெண்டு கட்டை விரலால மெதுவா இழுத்துப் பாத்தாரு, கோர்வை சேலையில பார்டரும் உடம்பும் தனித்தனி நாடா (தறியில குறுக்கு நூல் ஓட்டுற கட்டை) போட்டு நெய்யும்போதே கோத்துக்கிட்டு வர்றது, அந்தக் கோர்வை விட்டுப் போச்சுன்னா பாவாடை போட்டு பிரயோஜனம் இல்ல. "தங்கச்சி, உடம்பு நல்லா இருக்கு, முந்தானை பக்கம் ஒரு கஜம் வேண்டாம், அது தாங்காது, சட்டைக்கும் அதை எடுக்க மாட்டேன்"ன்னாரு. இவ்ளோ பாத்த தையக்காரரை நான் வேற எங்கயும் பாக்கல.

நாங்க நிக்கும்போதே இன்னொரு அம்மா பஜார்ல வாங்குன பாவாடைத் துணி ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, சுத்தப் பட்டுன்னு சொல்லிக் கொடுத்தாங்களாம். பாய் ஒண்ணும் பேசல, ஓரத்துல இருந்து ஒரு இழையை உருவி லைட்டரைக் காட்டுனாரு. சுருங்கி உருகி முனையில கடுகு மாதிரி கருப்பா உருண்டை நின்னுச்சு. அப்புறம் எங்க சேலையில தொங்குன ஒரு இழையை எடுத்துக் காட்டுனாரு, முடி கருகுற நாத்தம், விரல்ல தேச்சா சாம்பலாப் பொடிஞ்சு போச்சு. அந்தம்மா மொகத்தைப் பாக்கணுமே. ஆனா பாய் தைக்க மாட்டேன்னு சொல்லல, "பாலியஸ்டர்தான், ஆனா கலர் போகாது, புள்ளை நல்லா ஓடி ஆடிப் போடலாம், லைனிங் மட்டும் காட்டன் போடுங்க, இல்லாட்டி வேத்துக் கொட்டும்"னு சமாதானம் சொல்லி அனுப்புனாரு.

அளவு எடுக்குறது பாயோட வீட்டம்மா, எல்லாரும் லாத்தான்னு கூப்பிடுறாங்க. புள்ளையை நிக்க வச்சு மட்டும் எடுக்க மாட்டாங்க. தரையில சம்மணம் போட்டு உக்காரச் சொல்லி இடுப்பு எடுத்தாங்க, கையைத் தூக்கச் சொல்லி அக்குள் எடுத்தாங்க, கொலுசு போடுவியான்னு கேட்டு அதுக்கு மேல விரல் அகலம் விட்டு நீளம் எடுத்தாங்க. இடுப்பு 22, நீளம் 28. சேலை அகலம் 47 இஞ்ச். பாய் கணக்கு என்னன்னா, நீளம் 28, உள்ள ரெண்டு டக்குக்கு (பின்னாடி அவுத்து விட மடிச்சுத் தைக்கிறது) 4, இடுப்புப் பட்டியில அடங்க 1, ஆக 33. மீதி 14 இஞ்ச் மேல் பார்டரோட நிக்குது, அதுல சட்டைக்கு கைப்பட்டி, கழுத்துக்குக் கொஞ்சம் வந்துரும், சட்டை உடம்பு ப்ளவுஸ் பிட்ல. ஒரு இஞ்ச் ஆழ டக்கு ரெண்டு இஞ்ச் துணி தின்னும், அதான் ரெண்டு டக்குக்கு 4. இந்த வயசுல புள்ளை வருஷத்துக்கு ரெண்டு இஞ்சுக்கு மேல வளர்ந்தாலும் அது மொத்த ஒசரம், இடுப்புக்குக் கீழ அதுல ஒரு பங்குதானே, அதனால டக்கை ஒண்ணொண்ணா அவுத்து விட்டா ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓடும். டக்கை வெளிய தெரியாம லைனிங் பக்கம் மடிச்சு, நீளத் தையல் போட்டு வச்சிருக்காரு, நூலை ஒரு எடத்துல வெட்டி இழுத்தா அப்படியே உருவிட்டு வந்துரும். பொடித்தையல் போட்டா அவுக்கும்போது பட்டுல புள்ளி புள்ளியா ஓட்டை நிக்கும், அது போகவே போகாது.

இப்ப கொசுவம். இதைப் பத்தித்தான் நான் நிறைய எழுதணும்னு நெனச்சேன். சாதாரணமா இடுப்பு அளவுக்கு மூணு மடங்கு துணி இருந்தா ப்ளீட் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும், 22க்கு 66 இஞ்ச் போதும். பாய் ரெண்டரை கஜம் எடுத்தாரு, அதாவது 90 இஞ்ச். எதுக்கு இவ்ளோன்னு கேட்டதுக்கு பதில் சொல்லாம பார்டரைக் காட்டுனாரு. கோபுரம் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி, அந்த இடைவெளிக்குத் தகுந்த மாதிரி ப்ளீட் பிடிச்சா ஒவ்வொரு ப்ளீட் மேலயும் ஒரு முழுக் கோபுரம் ஒக்காருது, பாதிக் கோபுரம் எங்கயும் மடிப்புக்குள்ள போகல. அதுக்காக மேல இடுப்புல கொஞ்சம் நெருக்கிப் பிடிச்சு, கை ஊசியால ஒவ்வொண்ணையும் டாக்கா (நகராம நிறுத்தி வைக்கிற தையல்) போட்டு, அப்புறம்தான் மிஷின்ல ஓட்டுனாரு. புள்ளை நடந்தா ப்ளீட் விரிஞ்சு கோபுரம் கோபுரமா அசையுது, நின்னா திரும்ப வரிசையில வந்து நிக்குது. கல்யாண வீட்டுல எங்க அத்தை ஒருத்தங்க, யாரைப் பாத்தாலும் குறை சொல்ற ஆளு, புள்ளையைக் கூப்பிட்டுப் பாவாடை ஓரத்தைத் திருப்பிப் பாத்துட்டு "ஏ புள்ள, இதை யாரு தைச்சது, ஊர்ல இருந்து தைச்சு வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. ரங்கூன்லதான் அத்தைன்னு சொன்னதும் நம்பல.

உள்பக்கம் திருப்பிப் பாத்தாத்தான் இந்த மனுஷனோட வேலை தெரியும். லைனிங் வெள்ளைக் காட்டன், அதை ராத்திரி பூரா தண்ணியில ஊற வச்சு காய வச்சு அப்புறம் வெட்டுனது, இல்லாட்டி மொதல் அலசலுக்கே லைனிங் சுருங்கி பட்டை மேல தூக்கிரும். லைனிங்கை இடுப்புல மட்டும் சேத்து, கீழ தனியா விட்டு, பட்டை விட ஒரு இஞ்ச் கம்மியா மடிச்சிருக்காரு. ஓரத்தை ஓவர்லாக் அடிக்காம காட்டன் பட்டி வச்சு மூடியிருக்காரு, பட்டு இழை பிரியாது, தொடையிலயும் குத்தாது. இடுப்புல வெறும் நாடா போடாம கை இல்லாத காட்டன் பாடி ஒண்ணை மேல சேத்துட்டாரு. இது நம்ம பாட்டி காலத்து வழி, சின்னப் புள்ளைக்கு இடுப்பே கிடையாது, ஜரிகைப் பாவாடை கனத்துக்கு நாடா எவ்ளோ இறுக்குனாலும் வழுக்கி இறங்கும், இறுக்குனா வயித்துல கோடு விழுந்து சாப்பிட விடாது. பாடி இருந்தா கனம் பூரா தோள்ல. என் பொண்ணு பந்தியில சம்மணம் போட்டு வாழையிலைக்கு முன்னாடி உக்காந்து ரெண்டாவது தடவை பாயசம் வாங்குனா, இடுப்பு இறுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல.

சட்டைக்கு வருவோம், இங்கதான் ஒரு மார்க் போச்சு. பஃப் கை ரொம்ப அழகு, சுருக்கம் எல்லாம் தோள் உச்சியில மட்டும், கைப்பட்டியில மேல் பார்டர் வச்சு, ஜரிகை கையில உரசாம உள்ள மெல்லிசு மல்துணி. ஆனா உடம்பு அளவு இருக்கே, அது ஏஞ்ஜி மாதிரி பிடிச்சுப் போச்சு. சட்டை தைச்சது பாய் இல்ல, பக்கத்து மிஷின்ல இருக்குற பர்மாக்காரப் பையன்னு நெனைக்கிறேன், அவன் கை அந்த அளவுலயே பழகிருக்கும் போல. கையைத் தூக்குனா சட்டை மேல ஏறுது. பாவாடையில இவ்ளோ விட்டுத் தைச்சவங்க சட்டையில பக்கத்துக்கு முக்கால் இஞ்ச்தான் விட்டிருக்காங்க, பாவாடை மூணு வருஷம் ஓடும், சட்டை அடுத்த வருஷமே பிரிச்சாகணும். நீங்க கொடுக்கும்போது பக்கத்துக்கு ஒண்ணரை இஞ்ச் விடச் சொல்லிக் கேட்டு வாங்குங்க, கேட்டா செய்றாங்க. இன்னொண்ணு கொக்கி. சாதா இரும்புக் கொக்கி வச்சிருக்காங்க, இந்த ஊர் மழைக்கு ஒரு சீசன்ல துரு ஏறி பட்டுல காவிக் கறை விட்டுரும், நான் அவுத்துட்டு பித்தளைக் கொக்கி வாங்கி நானே தைச்சுட்டேன். அக்குள்ல சின்னதா காட்டன் பேட் வச்சுக் கேளுங்க, பட்டுக்கு வேர்வைதான் எமன், சித்திரை வெயில்ல மோல்மேன் மண்டபத்துல ஃபேனும் ஓடாம புள்ளை நனைஞ்சு போனா.

டயம் கதைக்கு வர்றேன். சொன்ன தேதிக்குப் போனா பாவாடை மேஜை மேல மடிச்சுத்தான் இருந்துச்சு, சட்டை வெட்டவே இல்ல. ரங்கூன்ல கரண்ட் முறை வச்சு வர்றது எல்லாருக்கும் தெரியும், ஆனா இவங்க மிஷின் கால் மிஷின், அதுக்குக் கரண்ட் எதுக்கு? கேட்டா இஸ்திரிக்குங்கிறாரு. கரி இஸ்திரிப் பெட்டி கடையில இருக்கு, காட்டனுக்கு அதையே ஓட்டுறாரு, பட்டுக்கு மட்டும் தொடவே மாட்டேங்கிறாரு, சூடு கட்டுப்படாது, ஒரு பொறி விழுந்தா முடிஞ்சுதுன்னு. அது நியாயந்தான், ஒத்துக்கறேன். பட்டை உள்பக்கமா திருப்பி, மேல காட்டன் துணி போட்டு, தண்ணி தெளிக்காம, மிதமான சூட்டுலதான் தேய்க்கணும், தண்ணி பட்ட எடம் வட்டம் வட்டமா திட்டு விட்டுரும். ஆனா வெட்டாத சட்டைக்கும் இஸ்திரிக்கும் என்ன சம்மந்தம் பாய்னு கேட்டேன், சிரிச்சுட்டு டீ வாங்கிக் கொடுத்தாரு. கடைசியில பஸ்ஸுக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையிலதான் கைக்கு வந்துச்சு, எனக்கு வயித்துல நெருப்பு. முகூர்த்தத்துக்குத் தைக்கிறவங்க உண்மையான தேதியைச் சொல்லாதீங்க, ஒரு வாரம் முன்னாடித் தேதியைச் சொல்லுங்க. போன் பண்ணா எடுக்க மாட்டாரு, நேர்ல போய் நிக்கணும்.

கால் மிஷின்ல தைக்கிறதை ஒரு கொறையா நெனைக்காதீங்க. மெதுவா ஓடுறதால பட்டு சுருக்கம் பிடிக்காம படுத்து வருது, 11ஆம் நம்பர் ஊசிதான் போடுறாரு, ஒவ்வொரு பட்டு உருப்படிக்கும் புது ஊசி மாத்துறதைக் கண்ணால பாத்தேன். மழுங்குன ஊசி பட்டு இழையை இழுத்துக் கோடு விட்டுரும்.

எங்களுக்குக் கூலி பாவாடை சட்டை சேத்து 60,000 கியாட் ஆச்சு, லைனிங் துணி தனி. பஜார்ல இந்தியாவுல இருந்து வர்ற ரெடிமேட் பாவாடை செட்டு இதை விடக் கம்மிக்குக் கிடைக்கும், பளபளன்னும் இருக்கும், ஆனா உள்ள திருப்பிப் பாருங்க, லைனிங் நைலான், டக்கு கிடையாது, ப்ளீட்டுக்குப் பதிலா சுருக்கு. ஒரு தடவை போட்டு ஃபோட்டோ எடுத்து வைக்கிறதுக்குன்னா அது போதும், தப்பில்ல. வீட்டுல நல்ல பழைய சேலை இருந்தா பாய்தான். பேரம் பேசாதீங்க, பேசுனா துணியை மடிச்சுத் திருப்பிக் கொடுத்துருவாரு.

அமரபுரா ஊர்ல நெய்யுற அச்சேய்க் துணியில பாவாடை தைக்கலாமான்னு நிறைய பேர் யோசிக்கிறாங்க, பள்ளிக்கூட விழாவுக்கு நம்ம புள்ளைங்க அப்படிப் போட்டுப் பாத்திருக்கேன், நல்லாத்தான் இருக்கு. நான் பாய்கிட்ட கேட்டேன். அலை அலையா நெய்த டிசைன், அதை மடிச்சுக் கொசுவம் பிடிச்சா அலை உடைஞ்சு ஒண்ணுமே தெரியாது, அத்தனை நாடா மாத்தி மாத்தி நெய்தவன் உழைப்பு வீணாப் போகும், தமெய்ன் அளவுக்கு ரெண்டு கஜந்தான் துணி வரும், கொசுவத்துக்கும் பத்தாதுன்னு சொல்லி நேர்ப்பாவாடையா, பின்னால மட்டும் ஒரு மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னாரு. கொசுவம் வச்சே வேணும்னு அடம் பிடிச்சா தைக்க மாட்டாராம். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, வேலை வந்தாப் போதும்னு வெட்ற ஆளுங்கதான் ஊர்ல ஜாஸ்தி.

கல்யாணம் முடிஞ்சு வந்ததும் ஒடனே மடிச்சு வைக்காதீங்க, உள்பக்கம் வெளிய திருப்பி ஒரு ராத்திரி நெழல்ல ஆற விட்டுட்டு, பழைய வெள்ளை வேட்டித்துணியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் பையில போட்டா இந்த ஊர் மழைக்காலத்துல பூசணம் புடிச்சுரும். அந்துருண்டையை ஜரிகை மேல படவே விடாதீங்க, கறுத்துப் போகும். மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாத்திப் போடுங்க, பாய் வெளிச்சத்துல காட்டுன அந்த ஓட்டை எல்லாம் மடிப்பை மாத்தாம வச்சதுல வந்ததுதான்.

போறவங்களுக்கு: வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கடை சாத்தியிருக்கும். புள்ளையைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்தா லாத்தா வாங்க மாட்டாங்க. மீதித் துணியைக் கேட்டு வாங்கிக்கோங்க, சட்டையை அப்புறமா பெருசாக்க அதுதான் உதவும், அவங்களே ஒரு பையில போட்டுத்தான் வச்சிருக்காங்க. தீபாவளிக்குன்னா ஆவணியிலேயே துணியைக் கொடுத்துருங்க, புரட்டாசி பொறந்ததுக்கு அப்புறம் போனா பாய் மூட்டையை அவுக்கக் கூட விட மாட்டாரு.